பெட்டியின் பின்னால் இருட்டு: அறுவடைக் கால வீதிகளில் உழவு இயந்திரங்கள்

காலபோகம், பெரும்போகம் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும் மாரி வேளாண்மை தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அந்த வாரங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வீதிகளில் ஓடும் வாகனங்களே மாறிவிடும். நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரங்கள், வைக்கோலைக் கூரை உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள், அறுவடை இயந்திரத்தைச் சுமந்த லொறிகள், சேறு சொட்டச் சொட்ட வயலிலிருந்து ஏறிவரும் லாண்ட் மாஸ்டர்கள் எல்லாம் அதே வீதியில்தான் பேருந்துகளோடும் டிப்பர்களோடும் மோட்டார் சைக்கிள்களோடும் ஓடுகின்றன. அறுவடைக் காலத்தில் ஊர்ப் பத்திரிகைகளின் விபத்துச் செய்திகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: ‘முன்னால் சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டியுடன் மோட்டார் சைக்கிள் மோதியதில்…’

அந்த வசனத்தைப் படிப்பவர் மோட்டார் சைக்கிள்காரர் வேகமாக வந்திருப்பார் என்றுதான் நினைப்பார். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர் எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்பதைச் செய்தி சொல்வதில்லை.

வீதி மாறியது, இயந்திரம் மாறவில்லை

2009க்கு முன் வன்னியில் பயணம் செய்தவர்களுக்கு ஏ9 வீதியின் குழிகள் மறந்திருக்காது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியும் அப்படித்தான் கிடந்தது. குழி எல்லோரையும் ஒரே வேகத்தில் வைத்திருந்தது. பேருந்தும் உழவு இயந்திரமும் துவிச்சக்கர வண்டியும் ஏறத்தாழ ஒன்றாகவே ஊர்ந்தன. போருக்குப் பின் வீதிகள் காப்பெட் ஆகின. முரசுமோட்டைப் பக்கம் இருபுறமும் வயல் விரிந்து கிடக்க, நேராக ஓடும் வீதியில் மோட்டார் சைக்கிள் 70, 80 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் இன்றைக்கும் 20, 25 கிலோமீற்றரில்தான் போகிறது. ஆபத்து இந்த வேக இடைவெளியில்தான் இருக்கிறது.

கணக்கு எளியது. 70 கிலோமீற்றரில் வருபவர் 20 கிலோமீற்றரில் போகும் பெட்டியை ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் வீதம் நெருங்குகிறார். பகலில் 200 மீற்றருக்கு முன்பே பெட்டியைக் கண்டுவிட்டால் அவருக்கு 14 செக்கன்கள் கிடைக்கும். அதற்குள் வேகத்தைக் குறைத்து, எதிரே வருவதைப் பார்த்து, விலத்திப் போகலாம். ஆனால் தூரத்தில் தெரியும் ஒரு வாகனம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை மனிதக் கண் எளிதில் கணிக்காது. லொறி என்று நினைத்து நெருங்குவார்கள். அது லொறியின் மூன்றிலொரு பங்கு வேகத்தில் போவது கடைசி ஐந்து செக்கன்களில்தான் புரியும்.

இரவில் கணக்கு மோசமாகிறது. எதிரே வாகனம் வரும்போது ஹெட்லைட்டைக் குறைத்தாக வேண்டும். குறைத்த வெளிச்சத்தில், சேறு பூசிய, விளக்கில்லாத ஒரு பெட்டி 40 மீற்றர் தூரத்தில் கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம். 60 கிலோமீற்றரில் வருபவர் செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் போகிறார். கண்டது என்னவென்று மூளை புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரைச் செக்கன் ஆகும். அதற்குள் 25 மீற்றர் போய்விடும். உலர்ந்த தார் வீதியில் நல்ல பிரேக்குடன் நிற்க இன்னும் 20 மீற்றராவது வேண்டும். பெட்டி பழுதாகி வீதியோரம் நின்றிருந்தால் அந்த 20 மீற்றர் அவரிடம் இல்லை. இங்கே அவர் கட்டுமீறிய வேகத்தில் வரவும் இல்லை, குடித்திருக்கவும் இல்லை.

அதே பெட்டியின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் சிவப்பு வில்லைகள் இரண்டு இருந்தால், அவை 150 மீற்றருக்கு அப்பாலேயே ஹெட்லைட்டில் மின்னும். அப்போது அவருக்கு ஒன்பது செக்கன்கள் கிடைக்கும்.

பின்விளக்கு ஏன் எரிவதில்லை

இரவில் வீதியில் போகும் வாகனத்தின் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். உழவு இயந்திரம் வாங்கும்போது அதில் விளக்குகளும் இருக்கின்றன. ஆனால் அவை இயந்திரத்தில்தான் இருக்கின்றன. பெட்டியைப் பூட்டியதும் இயந்திரத்தின் பின்விளக்கு பெட்டிக்கு முன்னால் மறைந்துபோகிறது. பெட்டிக்கென்று விளக்கு வேண்டுமானால் இயந்திரத்திலிருந்து வயர் இழுத்துப் பூட்ட வேண்டும். உழவுக்குக் கலப்பை, சேறடிக்க ரொட்டவேட்டர், ஏற்றிப் பறிக்கப் பெட்டி என்று பருவம் முழுவதும் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கும்போது முதலில் அறுவது இந்த வயர்தான். மிஞ்சியதை எலி பார்த்துக்கொள்ளும். அப்படியே விளக்கு தப்பிப் பிழைத்திருந்தாலும், வைக்கோல் ஏற்றும்போது பெட்டிக்கு வெளியே தொங்கும் பொதி அதை மூடிவிடும்.

லாண்ட் மாஸ்டரின் நிலை இன்னும் பரிதாபம். இரு சில்லு உழவு இயந்திரத்தில் பெரும்பாலும் முன்னால் ஒரு விளக்கு மட்டுமே இருக்கும். எதிரே வருபவருக்கு அது ஒரு மோட்டார் சைக்கிள் போலத் தோன்றும். பின்னால் வருகின்ற பெட்டியின் அகலம் தெரியாது. பின்புறம் முழு இருட்டு.

எனவே வயரை நம்பாத வழிதான் இங்கே பொருந்தும். ஒளி தெறிக்கும் சிவப்பு ஸ்டிக்கரை அல்லது வில்லைகளைப் பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் அடிப்பது ஒன்று. பெட்டியின் முழு அகலமும் தெரியும்படி ஓரத்திலேயே அடிக்க வேண்டும். நடுவில் ஒன்றை ஒட்டிவிட்டால் தூரத்தில் வருபவர் அதைத் துவிச்சக்கர வண்டி என்று நினைத்து ஒட்டி விலத்துவார், பெட்டியின் மூலையில் மோதுவார். பற்றரியில் தனியாக எரியும் சிறிய சிவப்பு விளக்கைக் கம்பியில் கொழுவிவிடுவது மற்றொன்று. வைக்கோல் ஏற்றினால் அதைப் பொதியின் வெளிப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டலாம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு மூடை உரத்தின் விலைக்குள் அடங்கும். வயலை விட்டு வீதியில் ஏறும்போது வில்லைகளின் சேற்றை ஒரு சாக்குத்துண்டால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிற நாடுகளில் இதற்கென்றே ஒரு சின்னம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட முக்கோணம் அது. நடுவில் பகலில் பளிச்சிடும் செம்மஞ்சள், ஓரத்தில் இரவில் ஒளி தெறிக்கும் சிவப்பு. மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீற்றர், அல்லது அதற்குக் குறைந்த வேகத்தில் ஓடும் வாகனங்களின் பின்னால் அது மாட்டப்படுகிறது. பிரித்தானியாவில் நடுவே பிரிக்கப்பட்ட இருவழிப் பெருவீதிகளில் செல்லும் மெதுவான வாகனங்களுக்கு மஞ்சள் சுழல்விளக்கு தேவை. சின்னத்தைக் கண்டதுமே பின்னால் வருபவர் ‘இது மெதுவான வாகனம்’ என்று அறிந்துகொள்கிறார், வேகத்தைக் கணிக்கும் வேலை அவருக்கு இல்லை. எங்கள் வீதிகளில் அந்த முக்கோணத்தைக் காண்பது அரிது.

வலப்பக்கம் திரும்பும் பொறி

பகலில் நடக்கும் விபத்துகளில் ஒரு வகை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. உழவு இயந்திரச் சாரதி வலப்பக்கத்து வயல் பாதைக்குள் இறங்க வேண்டும். பாதை ஒடுக்கம், வாய்க்காலின் மேல் ஒரு சிறு மதகு. பெட்டியோடு அதற்குள் நுழைய அகன்ற வளைவு தேவை. ஆகவே அவர் முதலில் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குகிறார். பின்னால் வருபவருக்கு அது ‘எனக்கு வழி விடுகிறார்’ என்றே தெரியும். அவர் வேகத்தைக் கூட்டி வலப்பக்கத்தால் விலத்தும் அந்த நொடியில் இயந்திரம் வலப்பக்கம் வெட்டுகிறது.

இருவருமே தங்கள் கண்ணுக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். சமிக்ஞை விளக்கு இல்லை, பெட்டி உயரமாக ஏற்றப்பட்டிருப்பதால் சாரதியின் கைச்சைகை தெரியவில்லை, எஞ்சின் சத்தத்தில் ஹோர்ன் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடி இருந்தாலும் வைக்கோல் அதை மறைத்திருக்கும். இதற்கு எளிய மருந்து, திரும்புமுன் வீதியோரம் முழுமையாக நிறுத்தி, இறங்கி அல்லது எழும்பி நின்று பின்னால் பார்ப்பது. உதவிக்கு ஒருவர் வந்தால் அவர் இறங்கிக் கை காட்டலாம். பின்னால் வருபவர் நினைவில் வைக்க வேண்டியது, வயல் வெளியில் இடப்பக்கம் ஒதுங்கும் உழவு இயந்திரம் வழி விடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. சாரதி கையால் ‘போ’ என்று காட்டும்வரை காத்திருப்பது நல்லது.

வயலுக்குச் செய்த பிரேக்

நான்கு சில்லு உழவு இயந்திரத்தில் இரண்டு பிரேக் மிதிகள் உள்ளன. ஒன்று இடப் பின்சில்லுக்கு, மற்றையது வலப் பின்சில்லுக்கு. வயலில் வரப்போரம் திரும்பும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் நின்ற இடத்திலேயே சுழலும். வீதிக்கு ஏறுமுன் இரண்டு மிதிகளையும் ஒரு கொக்கியால் இணைத்துவிட வேண்டும். பாதுகாப்பு நடைமுறைகளில் மிகவும் எளியதும், அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். கொக்கி மாட்டாத இயந்திரத்தில், வீதியில் நாய் குறுக்கே பாய, சாரதி அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் இயந்திரம் நிற்காது. ஒரு பக்கமாக இழுத்துப் புரளும்.

பெட்டியின் கதை வேறு. எங்கள் வீதிகளில் ஓடும் பெட்டிகள் பலவற்றுக்குச் சொந்தப் பிரேக் இல்லை. ஒரு மூடை நெல் 65 கிலோ என்று வைத்தாலும் 50 மூடைகள் மூன்றேகால் தொன். இழுக்கும் இயந்திரம் ஏறத்தாழ இரண்டு தொன். சரிவில் இரண்டு தொன் பிரேக் பிடிக்க, மூன்றேகால் தொன்னும் பெட்டியின் எடையும் பின்னாலிருந்து தள்ளுகின்றன. சற்று வளைந்த இடமென்றால் பெட்டி இயந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதைகளில் இந்த வகைப் புரள்வை எதிர்பார்க்கலாம். பாதி வழியில் கியர் மாற்றுவது, கிளச்சை மிதித்து உருள விடுவது இரண்டுமே அங்கே உயிருக்கு ஆபத்து. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வது சரியான பொறியியல்.

லாண்ட் மாஸ்டரில் இன்னொரு விசித்திரம் உண்டு. சமதரையில் இடப்பக்கக் கைக்கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். சரிவில் பெட்டி தள்ளிக்கொண்டு வரும்போது, இடப்பக்கக் கிளச்சைப் பிடித்ததும் இடச்சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் போகும். வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பழகிய பையனுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி1 என்றும் நான்கு சில்லுக்கு ஜி என்றும் தனி வகுப்புகள் உள்ளன. கார் ஓட்டுபவருக்கு நான்கு சில்லு உழவு இயந்திரம் தானாக வந்துவிடாது என்பதே அந்தத் தனி வகுப்பின் பொருள். நடைமுறையில் ‘வயலுக்குத்தானே’ என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம்தான்.

சாரதியின் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலுக்குப் போட்ட தகரக் கூரை, புரளும்போது காப்பாற்றும் இரும்புச் சட்டம் ஆகாது. சுவீடன் 1959இலேயே புதிய உழவு இயந்திரங்களுக்கு அத்தகைய சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் அங்கே புரண்டு இறப்போர் தொகை படிப்படியாகச் சரிந்தது. சட்டம் பொருத்திய இயந்திரமென்றால் இருக்கைப் பட்டியும் போட வேண்டும். பட்டி இல்லாவிட்டால் சாரதி தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்தின் கீழ் நசியக்கூடும்.

அறுவடை இயந்திரங்கள்

ரப்பர் சங்கிலியில் ஓடும் அறுவடை இயந்திரம் ஒரு மனிதன் ஓடும் வேகத்தைவிட மெதுவாகத்தான் நகரும். தார் வீதியில் ஓடினால் சங்கிலி தேயும் என்பதால் உரிமையாளர்கள் லொறியில் ஏற்றியே ஊர் மாற்றுகிறார்கள். மட்டக்களப்பில் எழுவான்கரையில் குடியிருப்பவர்களின் வயல் படுவான்கரையில் இருக்கும். வாவியைக் கடந்து போகும் வீதிகளில் விடியற்காலையில் இந்த லொறிகளைக் காணலாம்.

ஆபத்து ஓடும்போது இருப்பதைவிட இறக்கும்போது அதிகம். வயலோரம் லொறி நின்று, பலகையைச் சாய்த்து, இயந்திரம் பின்னால் இறங்கும்வரை வீதியின் ஒரு பாதி அடைபட்டுக் கிடக்கும். விடியுமுன்னரும் பொழுதுபட்ட பின்னரும் நடக்கும் வேலை இது. இரண்டு பக்கமும் 50 மீற்றருக்கு அப்பால் டோர்ச் லைட்டுடன் ஒவ்வொருவர் நிற்காமல் இதைச் செய்யக்கூடாது. வெட்டும் பகுதி பின்னோக்கி இருக்கும்படி ஏற்றியிருந்தால் அதன் கூரிய முனைகளுக்குச் சாக்குச் சுற்றி, சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஏற்றிய பின்னான உயரத்தையும் ஒரு தடவை அளந்து வைத்திருப்பது நல்லது. கிராமப் பாதைகளில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்களை ஊரவர்கள் அறிவார்கள், வெளிமாவட்டச் சாரதி அறியமாட்டார்.

ஆட்களை ஏற்றும் பெட்டி

உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று எழுதுவது எளிது. பேருந்து காலையும் மாலையும் மட்டும் வரும் ஊரில் நாற்று நடப் போகும் பெண்களும், கோயில் பொங்கலுக்குப் போகும் குடும்பங்களும் வேறு எதில் போவார்கள்? வன்னியில் இடப்பெயர்வுக் காலத்தில் வீடும் அதுதான், ஆம்புலன்சும் அதுதான். பெட்டி பாதுகாப்பானது என்ற எண்ணம் அந்த நாட்களிலிருந்து ஊறிவந்தது.

வெள்ளத்தில் அந்த நம்பிக்கை கொல்கிறது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். உயரமான சில்லு என்பதால் உழவு இயந்திரம் தண்ணீரைக் கடக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். நிற்கும் தண்ணீரில் அது சரி. ஓடும் தண்ணீரில் பெட்டியின் அகலமான பக்கப்பலகை பாய்மரம் போல் வெள்ளத்தைத் தாங்குகிறது. பெட்டி சற்றே மிதக்கத் தொடங்கினால் சில்லுகளின் பிடி போய்விடும், இழுக்கும் இயந்திரத்தையும் அது கூடவே கொண்டுபோகும். வீதியின் ஓரம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் குறுக்கே ஓடினால் உழவு இயந்திரத்துக்கும் அங்கே பாதை இல்லை.

மட்கார்டில் உட்கார்ந்து போவதை மட்டுமாவது உடனே நிறுத்தலாம். ஒரு குழியில் சில்லு குதித்தால் அவர் விழுவது பின்சில்லுக்கும் பெட்டிக்கும் இடையில்.

தண்டமும் கூட்டமும்

மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களைப் பேசாமல் இந்த விடயம் முடியாது. அனுமதிப்பத்திரமின்றி இரவில் மணல் ஏற்றுபவர்கள் விளக்கை வேண்டுமென்றே அணைத்து ஓட்டுகிறார்கள், லோட்டுக் கணக்கில் கூலி என்பதால் வேகமாகவும் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வதில் பயனில்லை, அது பொலிஸாரின் வேலை. ஆனால் அவர்களைப் பிடிக்கும் அதே கண்ணோடு விவசாயியையும் பார்த்து, அறுவடை நடுவில் மறித்துத் தண்டம் எழுதுவதால் பெட்டியில் விளக்கு வந்துவிடாது. தண்டத்தைக் கட்டிவிட்டு அதே இருட்டோடு அவர் மீண்டும் வீதியில் ஏறுவார்.

வீதியில் நெல் காயவிடுவதும் இப்படித்தான். 14 வீத ஈரப்பதன் இல்லையென்றால் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்காது, தனியார் விலையைக் குறைப்பார்கள். காயவிடத் தளம் இல்லாதவர் வீதியில் பரப்புகிறார், சுற்றிக் கல் அடுக்குகிறார். இரவில் நெல்லை அள்ளிப் போனாலும் கல் கிடக்கிறது. பழுதான பெட்டியின் சில்லுக்கு முட்டுக் கொடுத்த கல்லும் அப்படித்தான் வீதி நடுவில் மிஞ்சுகிறது. பழுதானால் பின்னால் குழை முறித்துப் போடும் எங்கள் வழக்கம் நல்லதுதான், ஆனால் அதை 50, 60 மீற்றருக்கு முன்னாலேயே போட வேண்டும். பெட்டிக்கு அருகில் போட்டால் குழையைக் காணும்போது பெட்டியையும் கண்டுவிடுவார்கள். போகும்போது கல்லையும் குழையையும் எடுத்துவிட வேண்டும். விபத்து நடந்தால் 1990 ஆம்புலன்ஸ், 119 பொலிஸ்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எப்போது குளத்தில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பது, எந்தத் திகதிக்குள் கால்நடைகளை வயல் வெளியிலிருந்து அகற்றுவது என்று மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசன, கமநல அதிகாரிகள், கமக்கார அமைப்புகள் எல்லோரும் இருந்து தீர்மானிக்கிறார்கள். உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், அல்லது அவர்களது அமைப்பின் தலைவர் இருப்பார். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒவ்வொரு கமநல சேவை நிலைய முற்றத்திலும் பெட்டிகளை வரவழைத்து, தண்டம் இல்லாமல் பொலிஸாரே நின்று வில்லை அடித்து அனுப்பும் ஒரு நாளை அங்கேயே குறித்துக்கொள்ளலாம். வெளிமாவட்ட அறுவடை இயந்திரங்கள் எந்த வீதியால் வரும், எங்கே இறக்கப்படும் என்பதையும் அப்போதே பேசலாம். மாடு அகற்றும் திகதியை எழுதும் அதே கூட்டக் குறிப்பில் இதற்கும் இரண்டு வரி போதும்.